காசு நிற்காத அட்டை

ஜனவரி 9, வெள்ளி

காலையில் நல்ல பனி. சைக்கிள் சீட் நனைந்து கிடந்தது. துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு மிதித்தேன். எட்டு இருபத்தைந்துக்கெல்லாம் பிரஸ்ஸில்.

இந்த டைரி வேஸ்டில் கிடந்தது. மார்ச் மாதம் இரண்டு தடவை பைண்ட் ஆகியிருக்கிறது. ஏப்ரல் கிடையாது. முனியம்மா அக்கா எடுத்துத் தந்து, ஏப்ரலில் எழுதாதே, வெயில் காலம், கை வேர்க்கும் என்றாள். அக்காவும் நானும் ஒரே மேஜை. அவள் பசை ஒட்டுவாள், நான் சரி பார்ப்பேன். நான் பதில் பேசவில்லை என்றாலும் என்னோடு பேசிக்கொண்டே இருக்கிற ஒரே ஆள்.

காலண்டர் சீசன் முடிந்து போன வாரம் முழுக்க ஈ ஓட்டினோம். இன்று புது ஆர்டர். மதுரையில் ஒரு வெள்ளிக்கடை, தேசிய கீதத்தின் நினைவாக வெள்ளிக் காசு வெளியிடுகிறது. 26-ம் தேதி விழா. அந்தக் காசை வைக்க மடிப்பு அட்டை, இரண்டாயிரம். திறந்தால் இடது பக்கம் பாட்டு அச்சடித்திருக்கும். வலது பக்கம் வட்டமாக ஒரு பள்ளம், அதில் காசு. மேலே பிளாஸ்டிக் மூடி கிடையாது. காசைத் தொட்டுப் பார்க்கலாம், அதுதான் இதில் விசேஷமாம். அதனால் பள்ளம் காசின் விளிம்பைக் கவ்விப் பிடிக்க வேண்டும். வேறு பிடிமானம் இல்லை.

அளவு பார்க்க ஒரே ஒரு காசு பார்சலில் வந்தது. முதலாளி வீடு பிரஸ் மாடியில். பார்சலை மொதலாளியம்மா வாங்கிப் பிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் (இனி சூ.) என்னைப் போய் வாங்கி வரச் சொன்னார்.

போனேன். காசு பூஜை அறையில், லட்சுமி படத்துக்கு முன்னால், வெற்றிலை மேல். சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வீட்டுக்குள் வந்த வெள்ளியை அன்றைக்கே வெளியே கொடுக்க மாட்டார்களாம். பொங்கல் கழியட்டும் என்றார்கள். நான் வாசலிலேயே நின்றேன். அளவு வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் நகராமல் நிற்பதைப் பார்த்து அவர்களே யோசித்து, ஒரு பேப்பரில் காசை வைத்து, கண் மைப் பென்சிலால் சுற்றி ஒரு வட்டம் வரைந்து தந்தார்கள். சந்தனம் ஒட்டிய காசு. மைப் பென்சிலின் முனை என் சுண்டு விரல் நகத்தளவு தடிமன்.

எட்டிப் பார்த்ததில் தெரிந்தது: ஒரு பக்கம் கொடி, கீழே வரிசையாக நிற்கிற ஆட்கள். குட்டிக் குட்டியாக. முகம் கிடையாது.

சூ.விடம் பேப்பரைக் கொடுத்தேன். அட்டை வெட்டும் டை செய்கிறவர் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புகிறார் என்று அப்போதே ஆள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஜனவரி 10, சனி

வெயில். வெள்ளிக்கடை விழா அழைப்பிதழும் நம் பிரஸ்ஸில்தான் ஓடுகிறது. கட்டுப் போட்டேன்.

டை வந்துவிட்டது. மரப்பலகையில் வட்டமாகப் பதித்த கத்தி. அதை மிஷினில் மாட்டி அமுக்கினால் அட்டையில் ஓட்டை விழும்.

அம்மாவுக்குப் பட்டாசு ஆலை வேன் வரவில்லை. ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ் மாறி வந்து சேர ஏழரை ஆகிவிட்டது. சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. அம்மா குளித்த தண்ணீர் இன்று மஞ்சள். நேற்று வெள்ளி மருந்து, இன்று வேறு.

ஜனவரி 12, திங்கள்

பஞ்சிங் தொடங்கியது. ஓட்டை விழ விழ வட்ட வட்டமாகத் துண்டுகள் சாக்கில் சேர்கின்றன. பார்க்க அப்பளம் மாதிரி.

என் வேலை: ஓட்டை சரியா என்று பார்ப்பது. எதை வைத்து? காசு மாடியில் பூஜையில். சூ. சாக்கிலிருந்து ஒரு வட்டத் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். இதைப் போட்டுப் பார், கவிழ்த்துப் பார், விழாவிட்டால் ஓ.கே.

போட்டேன். பொருந்தியது. கவிழ்த்தேன். விழவில்லை.

ஐம்பது அட்டை பார்த்த பிறகுதான் உறைத்தது. அந்த ஓட்டையிலிருந்து விழுந்த துண்டு அந்த ஓட்டைக்குப் பொருந்தாமல் என்ன செய்யும்? நான் பார்ப்பது காசு நிற்குமா என்பதையே இல்லை.

முனியம்மா அக்காவிடம் மெல்லச் சொன்னேன். அவள் பசைக் கையோடு அப்படியே நின்று, இரண்டு தடவை என்னைச் சொல்ல வைத்து, பிறகு சிரித்தாள். "அடி ஆத்தி. எம் புருசனுக்கு நானே பொருத்தம் பாத்த கதையால்ல இருக்கு."

சூ.விடம் போய்ச் சொல் என்றாள். போனேன். காசு வேண்டும் என்றேன். சத்தம் வெளியே வந்ததா தெரியவில்லை. அவர் போனில் இருந்தார். கையை ஆட்டினார். போ என்றா, சரி என்றா? திரும்பிவிட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

மறுபடி கேட்டேன். இன்று கேட்கிற மாதிரிதான் சொன்னேன். சூ. எல்லோருக்கும் கேட்க, "ஊமைச்சிக்கு வாய் வந்திருச்சுலே" என்றார். மிஷின்காரர்கள் சிரித்தார்கள். பொங்கல் முடிந்து காசு வரும், அதுவரை துண்டை வைத்துப் பார் என்றார்.

ஒட்டுகிற வேலையும் தொடங்கியாச்சு. கீழ் அட்டை, ஓட்டை அட்டை, பசை, பாரம். ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது.

பொங்கலுக்கு எல்லோருக்கும் ஒரு எவர்சில்வர் டப்பா. என்னுடையதில் ஒரு நெளிசல்.

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்

பிரஸ் லீவு. அம்மாவும் வீட்டில். தெருவில் ஸ்பீக்கர், காது போய்விட்டது. கரும்பு கடித்து உதட்டோரம் கீறல்.

ஒரு சோதனை செய்து பார்த்தேன். பத்து ரூபாய்க் காசை ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி மேல் வைத்து, என் கண் மைப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். கோட்டை ஒட்டி பிளேடால் வெட்டினேன். காசைப் போட்டு நிமிர்த்தினேன்.

விழுந்தது.

திரும்ப வெட்டினேன், இந்த முறை கோட்டுக்கு உள்பக்கமாக. நின்றது.

காசைச் சுற்றி வரைகிற கோடு எப்போதும் காசுக்கு வெளியேதான் இருக்கும். இது தெரியப் பெரிய படிப்பு வேண்டாம். ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கே தெரிகிறது.

அம்மா, தரையெல்லாம் என்னடி குப்பை என்றாள்.

ஜனவரி 19, திங்கள்

மேகமூட்டம். தூறல் இல்லை.

காசு வந்தது. மொதலாளியம்மா மஞ்சள் துணியில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். நானே துடைத்தேன். கனம். உள்ளங்கையில் வைத்ததும் ஜில்லென்று.

முதல் அட்டை: போட்டேன், நிமிர்த்தினேன், மடியில் விழுந்தது.
இரண்டாவது: விழுந்தது.
பத்து கட்டிலிருந்து பத்து அட்டை எடுத்தேன். எட்டில் உடனே விழுந்தது. இரண்டில் கொஞ்சம் நின்றுவிட்டு விழுந்தது, பசை பிசிறு பிடித்திருந்ததால்.

இரண்டாயிரமும் ஒட்டி முடித்தாயிற்று.

சூ.வை மேஜைக்கே கூப்பிட்டுக் காட்டினேன். பேசவில்லை, போட்டுப் போட்டுக் காட்டினேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. அப்புறம் மெதுவாக, அட்டையைப் படுக்க வைத்துத்தானே கொடுப்பார்கள், அங்கே போய் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். நான் அழைப்பிதழைக் காட்டினேன். நிகழ்ச்சி நிரலில் வரிசை எண் 6, விருந்தினர்களுக்குக் காசு வழங்குதல். வரிசை எண் 7, தேசிய கீதம்.

விரித்த அட்டையில் காசு வாங்கி உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு தொடங்கும். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்பார்கள். அத்தனை காசும் விழும். யாரும் குனிந்து எடுக்க முடியாது.

சூ. அழைப்பிதழை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "வரைஞ்சு கொண்டாந்தது நீதான?" என்றார்.

நான் வரையவில்லை. வாங்கித்தான் வந்தேன். அவருக்கும் தெரியும். கண் மைப் பென்சில் பூஜை அறைக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஆளா? ஆனால் மொதலாளியம்மா பெயரை அவர் எடுக்க மாட்டார்.

சாயந்திரம் செக்கிங் சீட்டுப் புத்தகத்தை என் முன் வைத்தார். ஐம்பது அட்டைக்கு ஒரு கட்டு, கட்டுக்கு ஒரு சீட்டு. நாற்பது சீட்டு. கீழே 'காசு வைத்துச் சரி பார்த்தவர்' என்று அச்சு, பக்கத்தில் கோடு. கடைக்காரர்கள் கேட்டிருக்கிறார்களாம்.

பேனாவை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

காலையில் மேஜையிலிருந்து என்னை எடுத்துவிட்டார். இன்று என் வேலை:
வேஸ்ட் அள்ளுவது.
பசை வாளி கழுவுவது.
மிஷின்காரர்களுக்கு டீ.

டீ கொடுக்கும்போது ஒருத்தர், என்ன மேடம் கையெழுத்துப் போட மாட்டீகளாமே, ஆட்டோகிராப் தர மாட்டீகளா என்றார். டம்ளரை நீட்டினேன். கொஞ்சம் வழிந்து அவர் கையில் பட்டது. வேண்டுமென்று இல்லை. (வேண்டுமென்றுதான்.)

மத்தியானம் சூ. மறுபடி. வியாழக்கிழமை லோடு போகணும், சீட்டில்லாமல் போகாது. போடவில்லை என்றால் வேறு ஆளைப் போடச் சொல்வேன், அப்புறம் உனக்கு இங்கே என்ன வேலை என்றார். முனியம்மா அக்காவைக் கேட்டாராம். அவள், எனக்குக் கைநாட்டுதான் தெரியும், பசை விரலில் மை ஒட்டாது என்றாளாம். பத்தாம் வகுப்பு பாஸ் அவள்.

அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே, கை தேய்ந்தா போய்விடும் என்றாள். காசு விழுந்தால் அந்தக் கடைக்காரனுக்குத்தானே, உனக்கென்ன என்றாள். நான் சாப்பிடாமல் படுத்தேன். அவளும் சாப்பிடவில்லை போல. தண்ணீர் குடிக்க எழுந்தபோது சட்டியில் குழம்பு அப்படியே இருந்தது.

ஜனவரி 21, புதன்

ஆறு மணி. அம்மா வேனுக்குக் கிளம்பி, டிபன் தூக்கோடு வாசல் வரை போனவள் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் வேலை பார்த்த பட்டாசுப் பட்டறை. ஒரு அறைக்கு நாலு பேர்தான் உட்காரணும். சீசன் என்று ஏழு பேரை உட்கார வைத்தார்கள். தினம் சாயந்திரம் ஒரு தாள் வரும், அறைக்கு நாலு பேர் என்று. கையெழுத்துப் போடத் தெரிந்தவள் அம்மா ஒருத்திதான் என்று அவளிடம் வாங்குவார்கள். தீப்பிடித்த அன்றைக்கும் காலையிலேயே போட்டு வாங்கிவிட்டார்கள். அம்மா தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த பார்வதி அக்கா உள்ளே, தப்பவில்லை.

இவ்வளவும் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அம்மா ஆறு மாதம் வேலைக்குப் போகவில்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பிரஸ்ஸுக்கு வந்தது அப்போதுதான். தெரியாதது இன்றைக்குத்தான் தெரிந்தது.

"விசாரிக்க வந்தவக அந்தத் தாளைக் காட்டுனாக. நாலு பேரு எழுதியிருக்கு. கீழ என் கையெழுத்து. பார்வதி அந்த நாலுல இல்ல. அவ அங்கன இருக்கவே இல்லைன்னு ஆயிருச்சும்மா."

வேன் ஹாரன் அடித்தது. அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"நீ போடாத."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

இன்று பிரஸ்ஸில்: வேஸ்ட் மூன்று சாக்கு. நாற்பது சீட்டும் மேஜை மேல் வெறுமையாக. நாளை மத்தியானம் லோடு. நாளை முதலாளியே கீழே வருவார்.

அவரிடம் சொல்லணும். என்னால் சொல்ல முடியாது. போன தீபாவளிக்குப் பெயரென்ன என்று அவர் கேட்டபோதே எனக்குப் பெயர் வரவில்லை.

ஜனவரி 22, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் வெயில், காற்று இல்லை. பதினோரு மணிக்கு வேன் வந்து ஷெட்டு வாசலில் பின்பக்கமாக நின்றது. முதலாளி வந்து நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. சீட்டு எங்கே என்றார். சூ., இந்தப் பிள்ளை நாலு நாளாக முரண்டு பிடிக்கிறது அண்ணாச்சி, வேறு ஆளை வைத்துப் போட்டுவிடுகிறேன் என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. "என்னத்தா, என்ன உனக்கு?"

வாய் வரவில்லை. ஷெட்டில் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். சூ. லேசாகச் சிரித்தார், பார்த்தீர்களா என்கிற மாதிரி.

கட்டிலிருந்து ஒரு அட்டையை உருவி விரித்தேன். மேஜை டிராயரில் இருந்த காசை எடுத்துப் பள்ளத்தில் வைத்தேன். விழாவில் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் முதலாளியிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார், மடியில் வைத்தார். நல்லாத்தானே இருக்கு என்றார்.

நான் இரண்டடி பின்னால் வந்தேன். கையை நேராக வைத்தேன்.

பாடினேன்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் நாலு பேர் பாடுவோம். நாலு பேர் சேர்ந்தால் எது என் குரல் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பாட முடிந்தது. தனியாகப் பாடியதே இல்லை. இன்று முதல் வரி எங்கேயோ கம்மலாக, பல்லி கத்துகிற மாதிரி வந்தது. ஆனால் என்ன பாட்டு என்று தெரிந்துவிட்டது.

முதலில் முனியம்மா அக்கா எழுந்தாள். பஞ்சிங் மிஷின்காரர் மிஷினை அணைத்தார். கட்டிங் மிஷினும் நின்றது. டீ கொண்டு வந்த ஆள் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார். முதலாளி வருடா வருடம் தானே கொடியேற்றுகிறவர். யோசிக்கக்கூட இல்லை, எழுந்துவிட்டார். கையைத் தொங்கவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். வலது கையில் அட்டை, செங்குத்தாக.

காசு விழுந்தது.

சிமெண்ட் தரையில் கணீரென்று சத்தம். இரண்டு துள்ளல். பிறகு விளிம்பில் நிமிர்ந்து உருளத் தொடங்கியது. முதலாளி அரை அடி குனிந்தார். அப்புறம் ஞாபகம் வந்து நிமிர்ந்தார். காசு அவர் செருப்பைத் தாண்டி, சூ. கால் இடுக்கு வழியாகப் போனது. சூ. கண்ணை மட்டும் கீழே இறக்கினார், உடம்பை அசைக்கவில்லை. கட்டிங் மிஷினுக்கு அடியில் போய், சுற்றிச் சுற்றி, சுற்றிச் சுற்றி, படுத்தது.

நான் நிறுத்தவில்லை. இன்னும் பாதிப் பாட்டு இருந்தது. அவசரப்படுத்தவும் இல்லை. ஒவ்வொரு வரியையும் முழுசாகப் பாடினேன். ஒரு சமயத்தில் குரல் நடுங்குவது நின்றுவிட்டது, எந்த இடத்தில் என்று தெரியவில்லை. முனியம்மா அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கியது.

முடித்தேன்.

முதலாளி கையிலிருந்த அட்டையைத் தூக்கி வெறும் பள்ளத்தைப் பார்த்தார்.

"எத்தனைல இப்படி?"

"எல்லாத்துலயும்" என்றேன். வந்துவிட்டது. ஒரே சொல், ஆனால் வந்துவிட்டது.

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். மேடைக்குக் கலெக்டர் ஆபீஸிலிருந்து வருகிறார்கள், பெரிய பெரிய ஆட்களெல்லாம் வருகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்வது மாதிரி சொன்னார். ஒரு காசுக்கே இந்தச் சத்தம் என்றார். அப்புறம் வேன்காரரைப் பார்த்து வண்டியைத் திருப்பச் சொன்னார்.

காசை எடுக்க மிஷின் அடியில் விளக்குமாற்றுக் கட்டையை விட்டுத் துழாவ வேண்டியிருந்தது. சூ.தான் படுத்து எடுத்தார். சட்டையெல்லாம் ஆயில்.

ஜனவரி 23, வெள்ளி

பனி மறுபடி.

வழி கண்டுபிடித்தது முனியம்மா அக்கா. நகைப்பெட்டிக்கு ஒட்டுகிற வெல்வெட் தாளை நூல் மாதிரி மெல்லிசாக வெட்டி, பள்ளத்தின் உள்சுவரைச் சுற்றி ஒட்டுவது. இடைவெளி அடைபட்டுவிட்டது. காசை வைத்து அமுக்கினால் கவ்வுகிறது. நிமிர்த்தினேன், கவிழ்த்தேன், உதறினேன். விழவில்லை. சிவப்பு வெல்வெட் விளிம்போடு முன்னைவிட அழகு. முதலாளி, இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்றார். அக்கா, மொதல்லயே எங்களக் கேட்டிருந்தா செஞ்சிருப்போமே அண்ணாச்சி என்றாள்.

மிஷின்காரர்களும் ஒட்டினார்கள். இரண்டாயிரம். ஆட்டோகிராப் கேட்டவர் ஒட்டியது எல்லாம் கோணல், பிரித்துத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு தடவை. மூன்றாவது தடவை எழுந்து நின்று வாங்கிக்கொண்டு, பாடிராத தாயி, ஒட்டிர்றேன் என்றார்.

நான் மேஜையில்தான். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானே போய் உட்கார்ந்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை. மாடியிலிருந்து மொதலாளியம்மா காசைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள், விளக்கேற்றும்போது வைக்கணுமாம். வேலை முடியவில்லை, தர முடியாது என்று சொல்லி அனுப்பினேன். நானே சொன்னேன், எல்லோருக்கும் கேட்க.

அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். மிஷினுக்கு அடியிலா போச்சு என்று கேட்டு, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஜனவரி 24, சனி

வெயில். கண்ணெல்லாம் எரிச்சல், பசை நெடி.

இரண்டாயிரமும் முடிந்தது. ஒவ்வொன்றிலும் காசு போட்டுப் பார்த்தேன். விரல் நுனியில் வெள்ளிக் கறுப்பு. நாற்பது சீட்டிலும் கையெழுத்து. கோணலாக ஒன்றுகூட இல்லை, எல்லாம் கோட்டுக்கு மேலேயே. மத்தியானம் இரண்டு மணிக்கு வேன் போனது.

வேன் போன பிறகு சூ. இன்னொரு சீட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஆபீஸ் பைலுக்காம். வெல்வெட் தாள், இரண்டு நாள் வேலை, இதற்கெல்லாம் காரணம் எழுதணுமாம். காரணம் அவரே எழுதி வைத்திருந்தார்: 'செக்கிங்கில் கவனக்குறைவு.' தேதி 12. கீழே என் பெயர், கோடு.

குரலை இறக்கி, நல்லவிதமாகவே பேசினார். ஒன்றும் ஆகாது, சும்மா ஒரு தாள்தான். மொதலாளியம்மா வரைந்தது என்று எழுத முடியுமா, உனக்கே தெரியும்லா. முதலாளிக்கும் எல்லாம் தெரியும், பைலுக்கு ஒரு பெயர் வேண்டும் அவ்வளவுதான் என்றார். "நீதான் இப்ப பெரிய ஆளு. ஒரு கையெழுத்துல என்ன கொறஞ்சிருவே?"

பேனாவை வாங்கினேன். அவருக்கு நிம்மதி, முகத்தில் தெரிந்தது.

அவர் எழுதியதை ஒரே கோட்டில் அடித்தேன். தாளைக் கிழிக்காமல், நேர்கோடாக. அதற்குக் கீழே எழுதினேன்:

'12-ம் தேதி காசு தரவில்லை. வெட்டிய துண்டை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். 12, 13 இரண்டு நாளும் காசு கேட்டேன். 19-ம் தேதி காசு வந்தது. வைத்துப் பார்த்தேன். விழுந்தது. அன்றே காட்டினேன். அளவு வரைந்தது நான் இல்லை.'

மொதலாளியம்மா பெயரை எழுதவில்லை. அது என் வேலை இல்லை. என்னைப் பற்றியது மட்டும்.

கையெழுத்துப் போட்டேன். எப்போதும் போடுகிற 'மாரி' இல்லை. இனிஷியலோடு முழுப் பெயர், ச. மாரீஸ்வரி. அம்மா பெயர் சரஸ்வதி. அந்த ச.

சூ. படித்தார். திரும்பப் படித்தார். யார் எழுதச் சொன்னது என்றார். நான்தான் என்றேன். இதைக் கிழித்துப் போட எவ்வளவு நேரம் ஆகும் என்றார்.

நம் பிரஸ்ஸில் அடிக்கிற சீட்டுப் புத்தகம் எல்லாமே இரண்டு தாள். மேலே வெள்ளை, கீழே ரோஸ். மேலே அழுத்தி எழுதினால் கீழேயும் விழும். நான் அழுத்தித்தான் எழுதினேன். ரோஸ் தாளை அவர் முன்னாலேயே கிழித்தெடுத்து நாலாக மடித்துக்கொண்டேன். கிழிச்சுக்கோங்கண்ணே என்றேன்.

அவர் கிழிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

திங்கள் கொடியேற்றுகிற நாள், பிரஸ் லீவு. செவ்வாய் எட்டரைக்குப் போவேன். உள்ளே விடுகிறார்களா பார்க்கிறேன்.

ரோஸ் தாளை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பசை இன்னும் காயவில்லை. டைரியை மூட முடியாது.